உலகத்தின் ஓரத்தில் விழாமல் ஜொகூர் போய்வந்தது

என் அக்காள் மகனுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் ஜொகூருக்குப் போனேன். நாகப்பட்டினத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறவன் கடல் தாண்டிக் கல்யாணத்துக்குப் போனால், அவன் தாய்மாமன் என்பது இரண்டாம் பட்சம். கூறைச் சேலை சுமந்து வருகிற ஆள் என்பதுதான் முதல். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கப்பலில் படுத்தவன், சிங்கப்பூர் வந்துவிட்டது என்று யாரோ உலுக்கியபோதுதான் எழுந்தேன். கடல் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். நான் பார்த்தது ஒரு வாளியை மட்டும்.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வாடகைக் காரில் போனேன். நடுவில் இருக்கிற கடலைக் கல்லைக் கொட்டி அடைத்துப் பாதை போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. மலாய்க்காரர்கள் அதைத் 'தம்பாக்' என்கிறார்கள். ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கார், அதற்குள்ளேயே சைக்கிள், மாட்டுவண்டி, கூடை சுமக்கிற சீனப் பெண்கள். நம் ஜில்லாவில் ஆற்றைக் கடக்க ஒரு பாலம் கேட்டு என் தகப்பனார் மனுக் கொடுத்தார். நான் இன்னும் ஓடத்தில்தான் போகிறேன். இவர்கள் கடலையே கடந்துவிட்டார்கள். இந்தப் பெருமூச்சை நான் விட்டு முடிப்பதற்குள் கார் நின்றது. ஜொகூர்க் கரைப் பக்கம் படகுகள் போக ஒரு திறப்பு இருக்கிறது. அதன் மேலிருந்த சிறு பாலத்தைத் தூக்கி, ஒரு பாய்மரப் படகுக்கு வழி விட்டிருந்தார்கள். படகு அவசரப்படவில்லை. காரோட்டி ஒரு டுரியான் பழத்தைப் பிளந்து எனக்கும் ஒரு சுளை நீட்டினார். அழுகிய வெங்காயத்தைப் பாயசத்தில் போட்டதுபோல இருந்தது. இரண்டாவது சுளையை நானே கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால் எனக்கே இன்னும் ஆச்சரியம்தான்.

அக்காள் வீடு தெப்ராவ் போகிற சாலையில். வாசலில் பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. கதவைத் திறந்த காமாட்சி அக்காள் என்னைப் பார்த்து அழுதாள். பிறகு பெட்டியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"கல்யாணம் நின்னு போச்சுடா. நீ கப்பல்ல இருந்தே, எப்படிச் சொல்றது?"

"ஏன்க்கா? ஜாதகமா? நகையா?"

"பின்பக்கம் போய்ப் பாரு. உங்க அத்தான் உக்காந்திருப்பாரு. அவரையே கேளு."

பின்பக்கம் போனேன். கிணற்றடிக்கும் வாழைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கும் மேலே, செங்கல்லால் கூம்பாக ஒன்று நின்றது. நான்கு பக்கமும் சரிவு, உச்சி கூர். எதிரே மூவார் என்கிற ஊரில் செய்த சாய்வு நாற்காலியில் அத்தான் வைத்திலிங்கம். இவர் வெகு காலம் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் இவர் கையால் கொயினா மருந்து குடிக்காத தமிழன் கிடையாது. குடித்துவிட்டு இவரைத் திட்டாதவனும் கிடையாது. ஆனால் காய்ச்சல் என்றால் எந்த மழையிலும் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்துக்கு நடந்தே போவார். அதனால் திட்டியவர்களே தீபாவளிக்கு இவர் காலில் விழுவார்கள்.

"வாங்க மச்சான்," என்றார். "கப்பல்ல வந்தீங்களே, கடல் எங்கேயாச்சும் வளைஞ்சிருந்ததா?"

"வளைஞ்சிருந்தது நான்தான் அத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "தண்ணி வளையாது மச்சான். குளத்துல வளையாதது, குடத்துல வளையாதது, கடல்ல மட்டும் எப்படி வளையும்?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது போட்டுவிட்டுப் போன சாமான்களில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள் அத்தானுக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று பூமி தட்டை என்று சொல்வது. அதற்குக் கடைசிப் பாதி இல்லை. மற்றது எகிப்து தேசத்துப் பிரமிடுகளைப் பற்றியது. அதற்கு முதல் பாதி இல்லை. கறையான் செய்த வேலை. அத்தான் மிச்சத்தைச் சேர்த்து ஒரே புத்தகமாகப் படித்துவிட்டார்.

அவர் கண்டது இது. பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. நடுவில் வடதுருவம். அதற்கு மேலே சூரியன் செக்குமாடுபோல வட்டம் சுற்றுகிறது. ஆனியில் வட்டம் குறுகும், மார்கழியில் விரியும். சூரியன் அஸ்தமிப்பதே இல்லை; தூரமாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான். இதை எகிப்து ராஜாக்கள் அறிந்திருந்தார்கள். இல்லாவிட்டால் திசைகாட்டி இல்லாத காலத்தில் பிரமிடின் நாலு முகத்தையும் நாலு திசைக்கும் நூல் பிடித்தாற்போல எப்படி வைத்திருக்க முடியும்? உருண்டையின் மேல் யாராவது நூல் பிடிப்பார்களா? அங்கேயிருந்து மூலைவாட்டாக ஒரு கோடு இழுத்தால் அது அரபுக் கடலைத் தாண்டி, நம் ஊருக்குத் தெற்கே ஒதுங்கி, நேரே அத்தான் வீட்டுக் கிணற்றடிக்கு வருகிறதாம். அதனால் அங்கேயே ஒன்று கட்டிவிட்டார்.

உச்சி வேளை ஆயிற்று. அத்தான் என் கையைப் பிடித்து எழுப்பினார். "இப்பப் பாருங்க. நிழல் எங்கே?"

பார்த்தேன். வாழைக்கு நிழல் இருந்தது, கிணற்றுக் கம்பத்துக்கு இருந்தது, எனக்குக்கூடக் காலடியில் கொஞ்சம் இருந்தது. பிரமிடுக்கு மட்டும் இல்லை. எனக்கு மேல் சிலிர்த்தது. அதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சமையலறையில் அக்காள் மிச்சக் கதையைச் சொன்னாள். பெண்ணின் தகப்பனார் கோவிந்தசாமி சர்வே ஆபீசில் படம் வரைகிறவர். அத்தானும் அவரும் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சிநேகம். நிச்சயதார்த்தம் நடந்து, தட்டு மாற்றி, எல்லாரும் சாப்பிட்டு வெற்றிலை போட்டபோது, அத்தான் சம்பந்தியை அழைத்துப்போய் இந்த அதிசயத்தைக் காட்டினார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே, "இந்தச் சரிவுக்கு இந்த ஊர்ல எந்த நாள் உச்சியிலயும் நிழல் வெளிய விழாதுங்க. சூரியன் எப்பவும் தலைக்கு மேலதானே நிக்குது," என்று சொல்லிவிட்டார். யாரோ சிரித்தார்கள். அத்தான், பூமி உருண்டை என்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்றார். அவர், தட்டை என்கிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்பமாட்டேன், ஓரத்துக்குப் போய் விழுந்துவிடுவாள் என்றார். இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அதோடு போயிற்று.

மறுநாளும் உச்சியில் போய்ப் பார்த்தேன். நிழல் இல்லை. "அத்தான், அவர் சொன்னது சரிதான் போலிருக்கே. தினமும்தான் இல்லை," என்றேன்.

"ஒரு நாள் நடந்தா அதிசயம்கிறீங்க. தினமும் நடந்தா அது இன்னும் பெரிய அதிசயம் இல்லையா மச்சான்?"



அன்று சாயங்காலம் தூதுவனாகக் கோவிந்தசாமி வீட்டுக்குப் போனேன். கடலைப் பார்த்த மேட்டு வீடு. வழியில் ஒரு சீனர் கடையில் கோப்பி குடித்தேன். கெட்டிப் பாலை அடியில் ஊற்றி, மேலே தார் போன்ற கோப்பியை ஊற்றித் தருகிறார்கள்; பீங்கான் தட்டில் கவிழ்த்துக் குடிக்க வேண்டும். கும்பகோணத்து டிகிரிக் காப்பிக்குப் பழகின நாக்கு முதலில் சண்டை போட்டது, பிறகு சமாதானமாயிற்று. மனிதர்களும் இப்படி இருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன்.

கோவிந்தசாமி என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். மெலிந்த மனிதர். பேசும்போது விரலால் மேஜையில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போகும்," என்றேன்.

"என்ன வார்த்தை? தட்டைன்னா? நான் சம்பளம் வாங்குறதே அது உருண்டைங்கறதுக்குத்தாங்க. ஆபீஸ்ல உருண்டை, வீட்டுல தட்டைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரு பேச்சுக்கு..."

"டிரெஸ்ஸர் நல்ல மனுஷன். என் பொண்ணு அம்மை வந்து கிடந்தப்ப அவர்தான் பக்கத்துலேயே இருந்து காப்பாத்துனாரு. அதுக்காக நான் என்ன வேணாலும் கொடுப்பேன். ஆனா வடக்கை மாத்திக் கொடுக்க முடியாது."

அவர் மனைவி தையல்நாயகி இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் கொண்டுவந்து வைத்தாள். பெண் ருக்மணி தண்ணீர் வைத்தாள். தகப்பனார் கண்ணாடியைத் தேட உள்ளே போன நேரம் பார்த்து, "மாமா, பூமி எப்படி வேணா இருக்கட்டும்," என்றாள். "நான் சிங்கப்பூர்ல குடித்தனம் பண்ணப்போற வீட்டுக்கு மாடிப்படி மட்டும் ரொம்பச் செங்குத்தாம். அவங்க சொன்னாங்க."

'அவங்க' என்பது என் மருமகன் சிவராமன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். கல்யாணம் நின்ற பிறகும் மாடிப்படி வரையில் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, இன்னும் இரண்டு இடியாப்பம் போட்டுக்கொண்டேன்.

ஊரார் சும்மா இருப்பார்களா? தம்பாக்கிலேயே பரீட்சை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று கோப்பிக் கடையில் யாரோ பற்றவைத்தார்கள். ஒரே உயரத்தில் மூன்று மூங்கில். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு துணி. ஒன்று ஜொகூர்க் கரையில், ஒன்று நடுவில், ஒன்று அக்கரையில். இங்கேயிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்தால், பூமி தட்டையானால் மூன்று துணியும் ஒரே மட்டத்தில் தெரியும். உருண்டையானால் நடுத் துணி எழும்பித் தெரியும். அத்தான் துள்ளினார். கோவிந்தசாமி, "இவ்வளவு கிட்டத்துல ஒரு அங்குலம்கூட எழும்பாது, அது கண்ணுக்கே தெரியாது," என்று தலையில் அடித்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று பேச்சு வந்ததும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஜொகூர் பாரு கரையில் நின்றது. வேர்க்கடலை விற்கிறவர் வந்துவிட்டார். அத்தானின் கட்சி சார்பில் அக்கரை மூங்கிலைப் பிடிக்க சிவராமன் போனான். நடு மூங்கில் கோவிந்தசாமியின் கட்சி. அவர் எதிர்க்கட்சி ஆளை நம்பமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கட்சி மனைவியும் மகளும். இருவரும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மூங்கில்களுக்குத் துணி என் உபயம். பெட்டியில் மேலாகக் கிடைத்த சிவப்பு ரவிக்கைத் துண்டு.

எந்தக் கட்சியிலும் இல்லாதவன் என்பதால் முதலில் பார்க்கிற பாக்கியம் எனக்கு. கண்ணாடியில் கண்ணை வைத்தேன். வெயிலில் எல்லாம் நெளிந்தது. மெல்ல நிதானப்பட்டபோது நடு மூங்கிலின் சிவப்பு, அக்கரைச் சிவப்புக்கு மேலே ஒரு முழு சாண் உயரத்தில் நின்றது. கீழே பார்வையை இறக்கினேன். தையல்நாயகி அம்மாள், சேறாக இருக்கிறதென்று மூங்கிலைத் தரையில் ஊன்றாமல் ஓரத்துக் கல்லின் மேல் ஊன்றியிருந்தாள். பக்கத்தில் மகளைக் காணோம். அக்கரை மூங்கிலண்டை இரண்டு பேர் ஒரே குடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிவராமன் எதையோ கையால் காட்டிக்கொண்டிருந்தான், மாடிப்படியாக இருக்கும்.

"என்ன தெரியுது மச்சான்?"

"நடுவுல எழும்பியிருக்கு அத்தான்," என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

கூட்டம் கோவிந்தசாமியைப் பார்த்து ஆரவாரம் செய்தது. ஜெயித்த மனிதர் சந்தோஷப்படவேண்டாமா? அவர் தாமே பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"இல்லை, இது தப்பு. இவ்வளவு எழும்பக்கூடாது. இந்தக் கணக்குப்படி பூமி நிலாவைவிடச் சின்னதாயிடும். எங்கேயோ பிசகு இருக்கு. இதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஏமாத்து வேலை பண்ணிட்டு இப்ப யோக்கியன் மாதிரி பேசுறாரு," என்றார் அத்தான்.

"நானா ஏமாத்தினேன்? எனக்குச் சாதகமா வந்ததையே தப்புங்கறேன்!"

சண்டை எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது. அதற்குள் சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த சரக்கு ரயில், வழி நெடுகச் சிவப்புக் கொடி கண்டு, கூவிக்கொண்டே தம்பாக்கின் நடுவில் நின்றுவிட்டது. ரயிலோட்டி தலையை நீட்டிச் சொன்னவற்றை நல்லவேளையாக யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். பூமியைப் பார்க்கிறோம் என்று அத்தான் மலாயில் சொன்னார். "பூமி கீழே இருக்கிறது. ஏன் எதிரே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மூங்கில்களையும் துணிகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த அத்தான் சாப்பிடவில்லை. பிரமிடுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், இத்தனை வருஷம் டாக்டர் எழுதுனதைக் கலக்கினேன், துரை சொன்னதைச் செஞ்சேன். இது சரியா தப்பான்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. நானா யோசிச்சு ஒண்ணு சொன்னேன். அதுக்குச் சிரிக்கிறாங்க. மத்தவன் சிரிச்சா போகட்டும்னு விட்டுருவேன். கோவிந்தசாமி சிரிக்க வெச்சுட்டாரே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கல்யாணம் பூமியின் வடிவத்தால் நிற்கவில்லை. ஒரு சிரிப்பால் நின்றிருக்கிறது. விளங்கி என்ன பயன்? சிரித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தக் கடையிலும் வழியில்லை.

அடுத்த நாள் காலை அக்காள் என்னைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கங்கோங் கீரைக் குவியலுக்கு முன்னால் தையல்நாயகி அம்மாள் நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆளுக்கொரு வெள்ளரிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"அலமாக், இவங்க பூமியை முடிவு பண்றதுக்குள்ள நம்ம பிள்ளைங்க கிழடாயிடும்லா," என்றாள் தையல்நாயகி. அலமாக் என்பது இந்த ஊர் 'ஐயையோ'.

"குறிச்ச தேதியிலயே வெச்சிடலாம். சிங்கப்பூர்ல கோயில் பக்கத்து மண்டபத்தைச் சிவராமன் பேசிட்டான்."

"நான் அவர்கிட்டச் சொல்லிடுவேன். மறைக்க மாட்டேன். வந்தா வரட்டும்."

"நானும் சொல்லிடுவேன்."

வெள்ளரிக்காய் வாங்கப்பட்டது. நாட்டில் எத்தனையோ மகாநாடுகள் இதைவிட நீளமாக நடந்து இதில் பாதியும் முடிக்காமல் கலைந்திருக்கின்றன.

இரண்டு தகப்பன்மாருக்கும் சொல்லப்பட்டது. இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்த ஆள் வந்தால் நான் வரமாட்டேன் என்று.

முகூர்த்த நாள் விடியற்காலை நாங்கள் ரயிலில் சிங்கப்பூர் போனோம். மண்டபம் சிறியது. சமையல்காரர் நம் பக்கத்து ஆள்தான் என்றாலும், இந்த ஊர்ச் சகவாசத்தில் சாம்பாரிலும் தேங்காய்ப் பால் ஊற்றியிருந்தார். ஈரக் காற்றில் அப்பளம் வெற்றிலைபோலத் துவண்டது. நல்ல கூட்டம். ருக்மணி நான் கொண்டுவந்த கூறைச் சேலையில் இருந்தாள். அரக்குச் சிவப்பு, நெய்தவரிடம் நானே நின்று சொல்லி நெய்த கரை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு கரையைப் பார்க்க எனக்கு மனமில்லை.

"மாமா, அப்பா வர்றாங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். மழை தூறியது. ரிக்‌ஷாக்கள் போயின. திரும்பி வந்து, வருவார்கள் என்றேன். சற்றுப் பொறுத்து அவள் மறுபடி என்னைப் பார்த்தாள், மறுபடி போனேன். முந்தின நாள்வரை மாடிப்படிக் கதை பேசிய பெண், வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். அய்யர் அவசரப்படுத்தினார். தாரை வார்த்துக் கொடுக்க ஒன்றுவிட்ட சித்தப்பா முறை ஒருவரைத் தயாராக வைத்திருந்தார்கள். நல்ல மனிதர், ஆனால் பெண்ணின் பெயரையே இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் செம்பை எடுத்த சமயத்தில் வாசலில் ஒரு கார் இருமிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவர்கள் இரண்டு பேர். அத்தானின் வேட்டியில் முழங்கால்வரை சேறு. கோவிந்தசாமியின் சட்டை முதுகில் டயர் அச்சு. பிற்பாடு தெரிந்தது: தனித்தனியே மனம் மாறி, தனித்தனியே கார் நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தது ஒரே கார். நீ ஏறு, நான் ஏறமாட்டேன் என்று நேரம் போய், கடைசியில் இருவரும் ஏறி, பாதி வழியில் டயர் வெடித்து, இரண்டு பேருமாகத் தூக்கிப் பிடித்து மாற்றியிருக்கிறார்கள். அத்தனையிலும் சண்டை நிற்கவில்லை. உள்ளே வரும்போதும் வாய் ஓயவில்லை.

மணவறைக்கு முன்னால் வந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

கோவிந்தசாமி தூண்களைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். அத்தான் மடியிலிருந்து திசைகாட்டியை எடுத்தார்.

"பலகையை யாரு போட்டது?" என்றார் அத்தான்.

"நான்தான்," என்றார் அய்யர். "கிழக்கு முகமாத்தான் போட்டிருக்கேன். காலம்பற சூரியன் உதிச்ச பக்கம் பாத்து."

"ஆனி மாசத்துல சூரியன் கிழக்குல எங்கய்யா உதிக்குது?" என்றார் கோவிந்தசாமி.

"அதைச் சொல்லுங்க!" என்றார் அத்தான். "வடக்கே தள்ளியில்ல உதிக்கும்? வட்டம் குறுகிக் கிடக்குதே!"

"பூமி சாய்ஞ்சிருக்கு, அதனால," என்றார் கோவிந்தசாமி.

"எதனாலயோ. எவ்வளவு தள்ளி?"

கோவிந்தசாமி கையை நீட்டி ஒரு பக்கம் காட்டினார். அத்தான் திசைகாட்டியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கையும் அதே பக்கம்தான் நீண்டது.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கோவிந்தசாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"சம்பந்தி, அந்தப் பக்கம் பிடிங்க," என்றார்.

அத்தான் ஒரு கணம் அப்படியே நின்றார். எதிரே குனிந்திருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தார். பெண்ணையும் பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொல்லி, பலகையை ஒரு முழம் திருப்பி, போதுமா, இன்னும் கொஞ்சம், இழுக்காதீங்க, இதோ இதோ என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு சரிப்படுத்தினார்கள். ஹோமகுண்டத்தையும் நகர்த்தச் சொன்னபோது அய்யருக்கு வந்த கோபத்தை, அக்காள் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அடக்கினாள். ருக்மணி சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள். கோவிந்தசாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்து, தம் கையாலேயே தாரை வார்த்தார்.  அத்தான் பக்கத்தில் நின்று, செம்பு சாயாமல் அடியில் தாங்கிக்கொண்டார்.

பூமி விஷயத்தில் முடிவு ஒன்றும் ஏற்படவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது. ஆனால் இம்முறை ஒருவர் பேசும்போது மற்றவர் அவர் இலையில் எது குறைகிறது என்று பரிமாறுகிறவருக்குக் கை காட்டினார்.

சாயங்காலம் பெண்ணையும் பிள்ளையையும் செங்குத்தான மாடிப்படி வீட்டில் விட்டுவிட்டு, காலையில் அவர்கள் வந்த அதே காரில் ஜொகூருக்குத் திரும்பினோம். தையல்நாயகி அம்மாள் மகளுடன் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகத் தங்கிவிட்டாள். காரோட்டி காசிம் என்கிற மலாய்க்காரர். முன்னால் அவர் பக்கத்தில் நான். பின்னால் அக்காளும் இரண்டு சம்பந்திகளும். சம்பந்திகள் தம்பாக் வருவதற்குள் தூங்கிவிட்டார்கள். அத்தானின் தலை கோவிந்தசாமியின் தோளில் கிடந்தது. இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. தட்டையாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் சேலை விற்கிறவன்.

காசிம் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு மலாய் தெரியாது. அக்காள் கேட்டுக்கொண்டிருந்து தமிழில் சொன்னாள்.

"காலையில வழி பூரா இவரை நியாயம் கேட்டாங்களாம். ஒருத்தர் நிலம் தட்டைங்கறாராம், இன்னொருத்தர் எல்லாப் பக்கமும் சரிவுங்கறாராம். டயர் மாத்தும்போதுகூட விடலையாம். அது எந்த ஊர் நிலம், பெரிய நிலமான்னு கேக்கறாரு."

நான் யோசித்தேன். "பெரிய நிலந்தான்னு சொல்லுக்கா."

அவள் சொன்னாள். காசிம் தலையாட்டினார். தட்டையானால் தண்ணீர் நிற்கும், நெல்லுக்கு ஆகும். சரிவானால் ரப்பர் நடலாம். இரண்டும் நல்லதுதானே, எதற்குச் சண்டை, பாகம் பிரிக்கிறார்களா என்று கேட்டார்.

"இல்லை," என்று மலாயில் சொல்லிவிட்டு எனக்கும் சொன்னாள் அக்காள். "இன்னைக்குச் சம்பந்தியாயிட்டாங்க. சேத்தே வெச்சுக்குவாங்க."

காசிமுக்கு அது பிடித்திருந்தது. கரை வந்து, கார் மேடு ஏறியது. பிறகு, பின்னால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாக இன்னொன்று சொன்னார். அக்காள் அதைத் தமிழில் சொல்லும்போது அவள் குரலும் தானாகவே தணிந்தது.

"நடுவுல மட்டும் வேலி போட வேண்டாம்னு சொல்லச் சொல்றாரு."